பெருக்கி

"ஒலிபெருக்கி விற்பனைக்கு, பழையது, நல்ல நிலையில்" என்று எழுதிப் பாருங்கள். கேட்டு வருகிறவர் ஸ்பீக்கரைத்தான் எதிர்பார்த்து வருவார். நீங்கள் விற்க நினைத்ததோ ஆம்ப்ளிஃபயர்.

இத்தனைக்கும் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. வருகிற மின்சாரத்தை ஒலியாக மாற்றுகிறது, அவ்வளவுதான். பெருக்கும் வேலை அதற்கு முன்பே ஆம்ப்ளிஃபயருக்குள் முடிந்துவிடுகிறது. பெயர் மட்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டது.

ஆம்ப்ளிஃபயரின் வேர் லத்தீன். 'ஆம்ப்ளுஸ்' என்றால் விசாலமானது, 'ஃபாகெரெ' என்றால் செய்தல். மின்சாரம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, ஒரு கருத்தை விரித்துப் பேசுவதற்கு ரோமானியப் பேச்சுக்கலையில் இந்தச் சொல் இருந்தது. இலங்கைப் பாடநூல்கள் சொல்லும் 'விரியலாக்கி' இந்த வேருக்கு மிகவும் நெருக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'பெருக்கி'. பெருகு என்பது தானாக நடப்பது, பெருக்கு என்பது செய்விப்பது. உருகு, உருக்கு போல. வாய்ப்பாட்டுப் பெருக்கலும் இதே சொல்தான். உள்ளே வரும் மின்னழுத்தத்தை இத்தனை மடங்கு என்று கூட்டித் தரும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நம் காது அப்படிப் பெருக்கிக் கேட்பதில்லை. ஆம்ப்ளிஃபயரின் திறன் 20 வாட்டிலிருந்து 40 ஆனால், சத்தத்தின் அளவில் கூடுவது 3 டெசிபல்தான். கொஞ்சம் சத்தம் ஏறியதுபோல் இருக்கும். இரு மடங்கு சத்தமாகத் தோன்றவே ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால்தான் 1978இல் வந்த என்.ஏ.டி. 3020 போன்ற பழைய ஆம்ப்ளிஃபயரை இன்றும் தேடுகிறார்கள். கணக்குக்கு 20 வாட்தான், ஆனால் பாட்டில் திடீரென எழும் இடங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே தரும். ஒரு கூடத்துக்கு இது தாராளம்.

பழையதில் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்கும். பெரும்பாலும் உள்ளே சேர்ந்த அழுக்குதான், சுத்தம் செய்தால் போய்விடும். விடாமல் 'உம்ம்' என்று முனகினால் மின்தேக்கிகள் வற்றியிருக்கலாம். அப்போது விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஜப்பானிலிருந்து வந்ததென்றால் பின்பக்கம் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நம் 230இல் நேராகச் செருகினால் புகைதான் வரும்.

சரி, எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? ஒலிபெருக்கியை ஸ்பீக்கரிடமிருந்து இனி மீட்க முடியாது, விட்டுவிடலாம். எழுத்தில் 'பெருக்கி' போதும். வீட்டில் மட்டும் மைக் செட்காரர் சொல்வதுபோல் 'ஆம்ப்ளி' என்றே சொல்கிறேன். பெருக்கி எங்கே என்று கேட்டால் கையில் துடைப்பம் வருகிறது.