ஊக்கப் பேச்சுக்கு ஆயுள் ஒரு வாரம்

கடலூர் மாவட்டத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நம்பிக்கை எந்த மாதத்தில் உடையும் என்று ஜோசியம் பார்க்க வேண்டாம்; ஜனவரியில்தான். நவம்பரில் விட்டு விட்டு மழை விடுமுறை. தாழ்வான ஊர்களில் பள்ளிக்கூடமே நிவாரண முகாமாகிவிடும். விட்டுப்போன போர்ஷனை டிசம்பரில் ஒரே மூச்சில் ஓட்டி முடித்ததும் அரையாண்டுத் தேர்வு. பொங்கலை ஒட்டித் தாள் கைக்கு வரும்போது, கணக்கில் 12 வாங்கிய பையன் "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிடுகிறான். உடனே பள்ளியில் ஊக்கமூட்டும் கூட்டம் போடுகிறோம். மைக், கைதட்டல், "என்னால் முடியும்" என்று மூன்று முறை கோஷம். அடுத்த திருப்புதல் தேர்வில் மறுபடி 15. அத்தோடு கோஷமும் போச்சு.

கூட்டம் போடுவது தப்பில்லை. அதிலிருந்து எதிர்பார்ப்பதுதான் அதிகம். "இந்த வேலையை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் நான்கு வழிகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அப்போது இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. சொல்லால் ஏறிய நம்பிக்கை, ஒரு தோல்வி வந்தாலே இறங்கிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நம்பிக்கை வேலைக்கு வேலை வேறு. கபடியில் யாருக்கும் பயப்படாத பிள்ளை, கரும்பலகைக்கு முன்னால் கை நடுங்கி நிற்கும்.

அப்படியானால் அந்த 12 மதிப்பெண் பையனுக்கு ஜனவரியில் என்ன செய்வது? மாநிலப் பாடத்திட்டக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினா 14. செய்முறை வடிவியலும் வரைபடமும் ஆளுக்கு 8, ஆக 16. தேர்ச்சிக்கு 35. பெரும்பாலான பள்ளிகளில் எல்லாப் பாடத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் பொறுக்கிய 'மினிமம் மெட்டீரியல்' ஒன்றைக் கையில் கொடுத்து ஸ்பெஷல் கிளாஸ் நடத்துகிறோம். பையனுக்கு அதில் ஒன்றுமே முழுசாக முடிவதில்லை. பாதிப் பாதியாக இருபது கணக்கு. செய்முறை வடிவியலில் ஒரே ஒரு வகையை எடுத்து ஒரு வாரம் உட்காருவது மேல். வரைந்த படம் சரியா என்று பிள்ளை தானே பார்த்துக்கொள்ளலாம் என்பதால் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறோம்.

வடிவொத்த முக்கோணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்; கொடுத்த முக்கோணத்தை வடிவம் மாறாமல், சொன்ன விகிதத்தில் சிறிதாகவோ பெரிதாகவோ வரைவது. விகிதம் 3/5. முக்கோணம் வரைந்து, அடிப்பக்கத்தின் இடது முனையிலிருந்து கீழே குறுங்கோணத்தில் ஒரு கதிர் போட்டு, கவராயத்தால் சம தூரத்தில் 5 புள்ளிகள் வைக்க வேண்டும். ஐந்தாம் புள்ளியை அடிப்பக்கத்தின் வலது முனையோடு சேர்த்து, அதற்கு இணையாக மூன்றாம் புள்ளியிலிருந்து ஒரு கோடு. அது அடிப்பக்கத்தைத் தொடும் இடத்திலிருந்து வலப்பக்கத்துக்கு இணையாக இன்னொரு கோடு. முடிந்தது. கெடுவது இரண்டு இடங்களில். இணைகோட்டை மூலைமட்டம் வைக்காமல் கண்ணளவில் போடுவார்கள். அடுத்தது, விகிதம் 7/4 என்று மாறும்போது. அங்கே 7 புள்ளிகள் வைத்து, நான்காம் புள்ளியை முனையோடு சேர்த்து, ஏழாம் புள்ளியிலிருந்து இணைகோடு போட வேண்டும். படம் முக்கோணத்துக்கு வெளியே வளரும். பழக்கத்தில் ஏழாம் புள்ளியையே முனையோடு சேர்த்துவிட்டு, படம் கோணலானதும் "பாத்தீங்களா, எனக்கு வராதுன்னு சொன்னேன்ல" என்பார்கள். அதனால் முதல் மூன்று நாள் ஒன்றுக்குக் குறைந்த விகிதம் மட்டும் கொடுங்கள். முதல் நாள் படிகள் பலகையில் இருக்கட்டும், இரண்டாம் நாள் உதவிப்படம் மட்டும், மூன்றாம் நாள் வெறும் கேள்வி. 7/4 நான்காம் நாளைக்கு.

திருத்தும் விதம் முக்கியம். படத்தின் குறுக்கே பெரிய பெருக்கல் குறி போட்டால் பிள்ளைக்குத் தெரிவது "மொத்தமும் தப்பு" என்பதே. "நாலு படி சரி. கடைசி இணைகோட்டை மட்டும் மூலைமட்டம் வெச்சு மறுபடி போடு" என்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. பலகையில் செய்துகாட்ட வகுப்பின் முதல் மாணவியைக் கூப்பிடாதீர்கள். போன மாதம் வரை திணறி இப்போது போடத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். "அவளே போடுறா" என்பது அங்கே வேலை செய்யும்.

வடிவியல், வரைபடம், ஒரு மதிப்பெண் மூன்றும் முழுசாக வந்தாலே 30. மிச்சத்துக்கு உறவுகளும் சார்புகளும் பாடத்தில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் உண்டு. நூறு சதவீத ரிசல்ட் வந்தால் போதும் என்று இங்கேயே நிறுத்திவிடும் பள்ளிகளும் இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பிள்ளை என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஆசிரியர் மனதில் இருப்பது வகுப்பில் கசியாமல் இருக்காது. அமெரிக்காவில் உளவியலாளர் ரோசன்தாலும் பள்ளி முதல்வர் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 20 சதவீதக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, "இவர்கள் இந்த ஆண்டு நன்றாக வளர்வார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். சின்ன வகுப்புகளில் அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறன் சோதனை மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடியது. விளைவின் அளவு பற்றிப் பின்னால் நிறையச் சண்டை உண்டு. எதிர்பார்ப்பு எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது என்பதை நம் வகுப்புகளிலேயே பார்க்கலாம். கடைசி பெஞ்சில் கேள்வி கேட்டுவிட்டு நொடிகூடப் பொறுக்காமல் "சரி, நீ சொல்லும்மா" என்று முன் வரிசைக்குத் தாவுகிறோம். கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடிதான் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து காட்டினார். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதிலே வராத இடங்கள் குறைந்தன. முதலில் கேள்வி, மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இரக்கமும் கெடுக்கும். "உனக்கு இது போதும்டா" என்பதைப் பிள்ளை சரியாகவே புரிந்துகொள்கிறது. "இன்னும் முயற்சி பண்ணு" என்பதும், எப்படி என்று சொல்லாதபோது அதே ரகம். ஏற்கெனவே உட்கார்ந்து படித்தும் வராத பிள்ளைக்கு, தன்னிடம்தான் கோளாறு என்பதற்கு அது இன்னொரு சாட்சி.

ஆசிரியரின் நம்பிக்கையும் இதே கணக்கில்தான் ஏறி இறங்குகிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியதை நினைத்துப் பாருங்கள். மாநிலப் பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நடத்தியவருக்கு, புதுப் புத்தகமும் புது வினாத்தாளும் கையில் வந்ததும் முதல் வருட ஆசிரியர் போன்ற தடுமாற்றம். அவருக்கு ஒருநாள் பயிற்சியில் கைதட்ட வைப்பதைவிட, அதே பாடத்தை நடத்தும் இன்னொருவர் வகுப்பில் இரண்டு பீரியட் உட்கார வைப்பது பலன் தரும். தேர்ச்சி விழுக்காட்டு ஆய்வுக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிடும்போது ஆசிரியர் கற்றுக்கொள்வது தற்காப்பு மட்டுமே. அதற்குப் பதிலாக, ஐந்து பிள்ளைகள், ஒரே ஒரு திறன், இரண்டு வாரம் என்று எடுத்துக்கொள்ளட்டும். முதல் நாள் தாளையும் கடைசி நாள் தாளையும் தேதி போட்டுச் சேர்த்துக் குத்தி தலைமை ஆசிரியரிடம் காட்டட்டும். "அவனுக்கு ஏறாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த இரண்டு தாளையும் பார்த்தபின் அப்படிச் சொல்லத் தயங்குவார்.

இவ்வளவும் செய்தும் நகராத பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதிவிடாதீர்கள். பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்குகிறதா, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா என்று கவனித்து, முதலில் கண் பரிசோதனை. வாயால் கேட்டால் சரியாகச் சொல்லி, எழுதும்போது எழுத்து இடம் மாறி, வாசிக்கையில் வரி தவறினால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும் என்பதால், இதை ஜனவரிக்குத் தள்ளாமல் ஜூன், ஜூலையிலேயே தொடங்குங்கள். தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417.