பூச்சுத்துணி

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் சீட்டுக்குப் போடுவதை ரெக்சின் என்பார்கள். மழைக்கு லோடு மேல் இழுத்துக் கட்டுவது தார்ப்பாய். ஆலைக்காரர்கள் இரண்டையும் கோட்டிங் துணி என்பார்கள். தமிழில் பூச்சுத்துணி. அதாவது, துணியின் மேல் ரப்பர், மெழுகு, எண்ணெய், பிளாஸ்டிக் என ஏதோ ஒன்றை மெல்லிய ஏடாகப் படியவைத்தது.

கோட் என்ற சொல் பழைய பிரெஞ்சில் மேலாடையைக் குறித்தது. ஆங்கிலத்தில் அது மேலே போர்த்தும் எந்த அடுக்குக்கும் ஆகிவந்தது. நம் சொல் செயலிலிருந்தே பிறக்கிறது: பேசு, பேச்சு, பூசு, பூச்சு. சந்தனத்துக்கும் சுண்ணாம்புக்கும் புழங்குகிற சொல்தான். ஆலையில் நடப்பதும் பூசுவதுதான். விறைப்பாக ஓடும் துணிமேல் கூழை ஊற்ற, நீண்ட கத்தித் தகடு அதை வழித்துச் சமன்செய்யும். அப்புறம் துணி சூட்டறைக்குள் போய்க் காய்ந்து வரும். தகட்டுக்கும் துணிக்கும் விடுகிற இடைவெளியைப் பொறுத்துத்தான் பூச்சின் கனம்.

சைசிங் வேறு. சோமனூர், பல்லடம் பக்கம் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுவது தறியில் நூல் அறாமல் இருக்க. நெய்தபின் அலசி எடுத்துவிடுவார்கள். பூச்சு கடைசிவரை துணியோடு இருக்கும்.

சிக்கலும் அங்கேதான். பருத்தி, சணல், வாழைநார் எல்லாம் மண்ணில் மக்கும். மேலே பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் ஏறிவிட்டால் மக்காது, பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. அடித்துணி பருத்தி என்பதற்காக மட்டும் ஒரு பையைப் பசுமைத்துணி என்று விற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூச்சும் ரப்பர் பால், தேன்மெழுகு, ஆளிவிதை எண்ணெய் என்று இயற்கையிலிருந்தே வர வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டே இறுகி ஏடு கட்டும். பழைய எண்ணெய்த்துணி அப்படி வந்ததுதான். ரப்பர் பாலில் கந்தகம் சேர்த்துச் சூடேற்றுவதால் அது மக்க நெடுநாள் பிடிக்கும். அதையும் மறைக்காமல் சொல்லித்தான் விற்க வேண்டும்.

பதப்படுத்தாத பருத்தியில் இயல்பாகவே மெழுகு உண்டு. காரம் போட்டு வேகவைத்து அதை எடுக்காவிட்டால், எவ்வளவு நல்ல பூச்சும் தோல் உரிவதுபோல் உரிந்துவரலாம்.

கூழாகப் பூசாமல், முன்பே செய்துவைத்த ஏட்டை ஒட்டினால் அது லேமினேஷன். அதை ஒட்டுத்துணி எனலாம். பில்லில் வெறுமனே பூச்சுத்துணி என்று போடாமல், 'ரப்பர் பால் பூசிய பருத்தி', 'மெழுகு பூசிய சணல்' என்று இரண்டின் பெயரையும் எழுதுங்கள்.