துறைமுகத்த நடத்துற போர்டுக்கு ஓட்டு போடலாமா? சியாட்டில்ல எப்படி, நம்ம ஊர்ல எப்படி

எங்க சித்தி பொண்ணு அமெரிக்காவுல சியாட்டில் பக்கத்துல பெல்வியூல இருக்கா, அங்க சிட்டிசன் ஆகி முதல் தடவையா வீட்டுக்கு ஓட்டுச்சீட்டு தபால்ல வந்திருக்கு. அத போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப்ல போட்டு, "அண்ணா, இதுல போர்ட் கமிஷனர்னு ஒரு பதவி இருக்கு, துறைமுகத்துக்கெல்லாமா ஓட்டு போடுவாங்க?"ன்னு கேட்டா. எங்க தாத்தா நம்ம சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்துல, ஹார்பர் போர்டுல மூட்டை இறக்கினவரு, அவரோட இரும்புக் கொக்கி இன்னும் என் வீட்ல இருக்கு, மரப்பிடி தேஞ்சு விரல் பதிஞ்ச மாதிரி பள்ளமா இருக்கும். "போர்டுல வேலை"ன்னுதான் கடைசி வரைக்கும் சொல்வாரு, ஆனா அந்த போர்டுல உக்காந்து முடிவெடுக்குறது யாருன்னு அவருக்கு தெரியாது, கேக்குற வழியும் கிடையாது. அதனால இத கொஞ்சம் வெளக்கமாவே எழுதுறேன், அங்க இருக்குற நம்ம ஆளுங்களுக்கும் உதவும்.

சியாட்டில்ல 1911க்கு முன்னாடி கடற்கரையோரம் முக்கால்வாசி ரயில்வே கம்பெனிங்க கையில. எந்த சரக்கு எங்க இறங்கணும், என்ன வாடகைன்னு அவங்க வச்சதுதான் சட்டம். பனாமா கால்வாய் வேற தொறக்கப் போகுது, கப்பல் நெறைய வரும், ஊருக்குன்னு சொந்தமா கப்பல் நிக்கிற ஒரு மேடை கூட இல்லன்னா எப்படின்னு ஜனங்க கேக்க ஆரம்பிச்சாங்க. வாஷிங்டன் மாநிலம் 1911ல போர்ட் டிஸ்ட்ரிக்ட் சட்டம் கொண்டு வந்துச்சு, அதே வருஷம் செப்டம்பர் 5ல கிங் கவுண்டி (சியாட்டிலும் பெல்வியூவும் இருக்குற மாவட்டம்) ஜனங்க ஓட்டு போட்டு துறைமுகத்த உருவாக்கி அத நடத்த மூணு கமிஷனரையும் தேர்ந்தெடுத்தாங்க. அந்த மாநிலத்துல பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை கிடைச்சு அப்ப ஒரு வருஷம் கூட ஆகல, அவங்களும் ஓட்டு போட்டாங்கங்கறது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். அந்த மூணு பேர்ல ராபர்ட் பிரிட்ஜஸ் ஒரு காலத்துல நிலக்கரி சுரங்கத்துல வேலை பாத்தவரு, ஹைரம் சிட்டென்டன் ராணுவ இன்ஜினியர், சால்மன் மீன் ஏறுறத பாக்க டூரிஸ்ட் போற பாலார்ட் லாக்ஸ்க்கு (படகு ஏத்தி இறக்குற நீர்க்கதவு) அவர் பேர்தான் வச்சிருக்காங்க.

இப்ப கமிஷனர் அஞ்சு பேர், நாலு வருஷ பதவி, தொகுதி பிரிக்காம மொத்த கவுண்டியும் அஞ்சு பேருக்கும் ஓட்டு போடலாம். ஓட்டுச்சீட்டுல "பொசிஷன்" 1, 2ன்னு போட்டிருக்குறது நாற்காலி நம்பர்தான், ஏரியா இல்ல. சியாட்டிலோட சீ-டாக் ஏர்போர்ட்டும் இவங்க கீழதான். சொந்த வீடு இருந்தா சொத்து வரி பில்ல போர்ட்டுக்குன்னு தனியா ஒரு தொகை வரும், அதுக்கு எவ்வளவுன்னு முடிவு பண்றது இவங்கதான், கூட்டம் எல்லாருக்கும் திறந்தது, யார் வேணாலும் போய் பேசலாம். பக்கத்துல டகோமா துறைமுகம் 1918ல இதே மாதிரி ஓட்டுல வந்தது, ரெண்டும் நூறு வருஷம் போட்டி போட்டுட்டு 2015ல சரக்கு வேலைய ஒண்ணா சேத்துக்கிட்டாங்க, ஆனா கமிஷன் ரெண்டும் தனித்தனியா அப்படியே இருக்கு.

நம்ம ஊர் கதையும் இதே பிரச்சனையிலதான் ஆரம்பிக்குது. தஞ்சோங் பகார் டாக் கம்பெனி 1864ல வந்த தனியார் கம்பெனி, பெரிய பெரிய மேடையெல்லாம் அவங்க கையில, கப்பல் கூடக்கூட இடம் பத்தல, விரிவு பண்றதுல கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் ஒத்து வரல. 1905ல காலனி அரசாங்கம் கம்பெனியவே எடுத்துக்கிச்சு, நஷ்டஈடு கிட்டத்தட்ட 28 மில்லியன் ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர். சியாட்டில்ல ஓட்டுப்பெட்டி வந்த இடத்துல இங்க நியமன போர்டு வந்துச்சு. அது 1913ல சிங்கப்பூர் ஹார்பர் போர்டாச்சு, 1964 ஏப்ரல் 1ல பிஎஸ்ஏ (சிங்கப்பூர் துறைமுக ஆணையம்) ஆச்சு, 1972ல முதல் கண்டெய்னர் கப்பல் வந்தது இதே தஞ்சோங் பகார்லதான். 1996ல சட்டதிட்டம் பாக்குற வேலை எம்பிஏங்கற (MPA) கடல்துறை, துறைமுக ஆணையத்துக்கு போச்சு, அடுத்த வருஷம் பிஎஸ்ஏ கம்பெனியாச்சு, இப்ப அது அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்கு சொந்தம். எம்பிஏ போர்டுல யார் உக்காரணும்னு நியமிக்கிறது அமைச்சர். நாம நேரா ஓட்டு போடுறது நாடாளுமன்றத்துக்கும் அதிபருக்கும் மட்டும்தான், துறைமுகத்தப் பத்தி ஏதாவது கேக்கணும்னா நம்ம எம்பி மூலமா கேக்கலாம்.

சிங்கப்பூர்ல இப்ப கட்டிட்டு இருக்குற துவாஸ் மாதிரி ஒரு பெரிய துறைமுகத்த ஓட்டுக்கு நிக்கிற அஞ்சு பேர் கட்டியிருக்க முடியுமான்னு கேட்டா கஷ்டம்னுதான் தோணுது. ஆனா மேடை மேல வெயில்ல நின்ன ஆளுக்கு, அந்த போர்டுல அவன் பேச்ச எடுத்து சொல்ல ஒருத்தர் இருந்திருக்கணும்னு நான் உறுதியா நம்புறேன்.

தங்கச்சிக்கு கடைசியா சொன்னது இதான்: தேர்தலுக்கு முன்னாடி தபால்ல வர்ற புக்லெட்ல வேட்பாளர் ஒவ்வொருத்தரும் அவங்களே எழுதினது இருக்கும், படி. கவர் மேல கையெழுத்து போட மறக்காத, அது பதிவுல இருக்குற மாதிரியே இருக்கணும். ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம். தேர்தல் அன்னிக்கு ராத்திரி 8 மணிக்குள்ள டிராப் பாக்ஸ்ல போட்டுடு, கிரீன் கார்டு வச்சிருக்குற உன் வீட்டுக்காரர் மட்டும் இதுல ஓட்டு போடக் கூடாது.