வாட்ச் கடை லென்ஸில் ஒரு கையெழுத்து

வேலூர் லாங் பஜார் பக்கம் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் போன மாதம் என் நண்பர் ஒரு தாளைப் பார்த்துவிட்டார். ஆட்டோகிராஃப் நோட்டிலிருந்து கிழித்த, பழுப்பேறிய பக்கம். நடுவில் நீல மையில் டாக்டர் ராதாகிருஷ்ணனின் ஆங்கிலக் கையெழுத்து, கீழே 1962 என்று ஆண்டு. விலை 6,000 ரூபாய். நண்பர் ஊரீசு கல்லூரியில் படித்தவர். ராதாகிருஷ்ணனும் அங்கே படித்தவர்தான். அந்தப் பாசத்தில் பணத்தை எண்ணவே ஆரம்பித்துவிட்டார். "ஒரு நாள் பொறுங்க" என்று நான் தடுத்தேன்.

"தாளைப் பாருங்க சார், எவ்ளோ பழசு!" என்றார் விற்றவர். தாள் பழசுதான். ஆனால் பழைய தாள் கிடைப்பது ரொம்பச் சுலபம். எந்தப் பழைய புத்தகத்தைப் பிரித்தாலும் முன்னும் பின்னும் வெற்றுப் பக்கம் இருக்கும். பார்க்க வேண்டியது மையை. மறுநாள், தெரிந்த வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் அது.

ஆயிரக்கணக்கான தடவை கையெழுத்துப் போட்டவர் எழுத்தை நினைத்துப் போடுவதில்லை. கை தானாக ஓடும். பேனா தாளைத் தொடும் முன்பே நகரத் தொடங்கிவிடும், தாளை விட்டு எழும்பும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் எலிவால் போல மெலிந்திருக்கும். இன்னொருவர் கையெழுத்தைப் பார்த்துப் போடுபவர் அதை எழுதுவதில்லை, வரைகிறார். மெதுவாகப் போகிற கை நடுங்கும். பேனா நிற்கும் இடத்திலெல்லாம் மை ஊறிப் பொட்டு விழும்.

லென்ஸில் தெரிந்தது இதுதான். முதல் எழுத்தின் தொடக்கத்தில் உருண்டையாக ஒரு பொட்டு. நடுவில், பேனாவை எடுக்கவே தேவையில்லாத ஒரு வளைவில், எடுத்து மறுபடியும் வைத்த தடம். ஓரிடத்தில் கோடு மெலிந்துபோக, அதன் மேலேயே இன்னொரு கோடு இழுத்துச் சரிசெய்திருந்தார்கள். தன் கையெழுத்தை யாரும் இப்படி ஒட்டுப்போட மாட்டார்கள். வயதானவர்கள் கையும் நடுங்கும், உண்மைதான். ஆனால் அந்த நடுக்கம் ஒழுங்கில்லாமல் வரும், கோணலைத் திருத்த அவர்கள் நின்று பார்ப்பதில்லை.

அப்புறம் மடிப்பு. தாளை நான்காக மடித்த தடம் கையெழுத்தின் குறுக்கே போயிற்று. மடிப்பு நைந்த இடத்தில் தாளின் இழைகள் உடைந்திருக்கும். அங்கே மை வந்தால் உறிஞ்சிப் பரவிவிடும். இந்தத் தாளில் மை மடிப்புக்குள் இறங்கி, இருபக்கமும் பஞ்சு போலப் பரவியிருந்தது. அதாவது மடிப்பு நைந்துபோன பிறகுதான் யாரோ எழுதியிருக்கிறார்கள். புது நோட்டில் 1962இல் வாங்கிய கையெழுத்து என்ற கதை அங்கேயே உடைந்தது.

எல்லாப் போலியும் இப்படிக் கையால் போட்டதாக இருக்காது. படத்தோடு சேர்த்து அச்சடித்த கையெழுத்தும் உண்டு. இங்க்ஜெட் அச்சு என்றால் லென்ஸில் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாகப் பிரியும், லேசர் அச்சு என்றால் கோட்டைச் சுற்றிக் கரித்தூள் சிதறியிருக்கும். போட்டோவை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், பேனா மை மட்டும் தனியாக மினுங்க வேண்டும். ஜெல் பேனா 1984இல் ஜப்பானில் வந்தது, ராதாகிருஷ்ணன் 1975இலேயே காலமானார்; அவர் பெயரில் ஜெல் மையில் கையெழுத்து இருந்தால் அது போலிதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1920இல் எழுதிய கடிதம் என்று யாராவது நீட்டினால், கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கின் கீழ் வையுங்கள். தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வாங்காதீர்கள். அப்படி ஒளிரவைக்கும் வெளுப்பு ரசாயனத்தைத் தாளில் சேர்க்கும் வழக்கம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் பரவியது.

இன்னொன்று, பலர் தலைகீழாக நினைப்பது. அசல் என்று தெரிந்த ஒரு கையெழுத்தோடு இது இம்மி பிசகாமல் பொருந்தினால் சந்தோஷப்படாதீர்கள். ஒருவர் போடும் இரண்டு கையெழுத்து ஒருபோதும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்காராது. உட்கார்ந்தால் அது ரப்பர் முத்திரை, அல்லது அடியில் வைத்து இழுத்த நகல், அல்லது பிரபலங்களுக்காகக் கையெழுத்திட்டுத் தரும் ஆட்டோபென் இயந்திரத்தின் வேலை.

சான்றிதழை நம்பியும் பணம் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 1990களில் தொடங்கிய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் போலிக் கையெழுத்துகளோடு போலிச் சான்றிதழ்களும் சிக்கின. பிடிபட்டவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொன்ன பேஸ்பால் பந்துகளும் இருந்தன! அவர் எதற்காகப் பேஸ்பாலில் கையெழுத்திடப் போகிறார் என்று வாங்குபவர் ஒரு நிமிடம் யோசித்திருந்தாலே போதும், லென்ஸே தேவைப்பட்டிருக்காது.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஒருவரின் கையெழுத்து வயதோடு மாறும் என்பதால், ஒப்பிட அதே காலத்து மாதிரிகள் வேண்டும். நண்பர் இப்போது 1962 முதல் 1967 வரை, ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராக இருந்தபோது போட்ட கையெழுத்துகளின் தெளிவான படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பத்துப் படம் சேர்ந்ததும் மறுபடியும் பஜாருக்குப் போகலாம் என்கிறார். லென்ஸை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.