முடிவெடுப்பது கட்டியா, பஸ்ஸா?

மார்பகத்தில் சின்னப் புற்றுக் கட்டி, இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவு, அக்குளில் நெறி கட்டவில்லை. இப்படி வருகிறவரிடம், கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றலாம், பிறகு கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று சொல்வோம். நகரத்துப் பெண்கள் அதைப் பற்றி நாலு கேள்வி கேட்பார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அதுக்கு எத்தன நாள் வரணும் டொக்டர்?"

இப்போது பலருக்கும் மூன்று வாரம், சனி ஞாயிறு தவிர தினமும், மொத்தம் 15 தடவை. மெஷினில் படுத்திருப்பது சில நிமிடம்தான். மண்டூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கோ அதற்காக ஒரு முழு நாளே போய்விடும். விடியமுன் சமைத்து வைத்து, வாவியைக் கடக்கும் பாதை (மிதவைப் படகு) ஏறி குருமண்வெளியில் இறங்கி, பிரதான வீதிக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும்.

"அப்ப முழுசா எடுத்துடுங்க டொக்டர். தினமும் வந்து போக ஏலாது."

ஆரம்ப நிலையில் இரண்டு வழியிலும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஒன்றுதான். 20 வருடம் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் 2002இலேயே இதைக் காட்டிவிட்டன. ஆகவே முழுதாக எடுப்பது பிழையான வைத்தியமில்லை. யோசித்து அதைத் தெரிவு செய்பவரை யாரும் தடுக்கவும் கூடாது. பஸ் நேரம் அந்த முடிவை எடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பும் சரியில்லை. நெறிகளில் புற்று பரவியிருந்தால் அதற்குப் பிறகும் கதிர்வீச்சு தேவைப்படலாம். ஹோர்மோனுக்கு வளரும் வகைப் புற்று என்றால், டமொக்சிஃபென் போன்ற மாத்திரையைக் குறைந்தது 5 வருடம் தினமும் போட வேண்டும். நான் பார்த்தவரை கிராமத்தில் சத்தமில்லாமல் கைவிடப்படுவது இந்த மாத்திரைதான். உடம்பு திடீரென்று கொதிக்கும், வேர்க்கும். வயல் வெட்டு நேரத்தில் கிளினிக் வந்தால் ஒரு நாள் கூலி போகும். நிறுத்தினாலும் எங்கும் நோகாது, அதனால் நிறுத்தியது பெரிதாகத் தெரியாது.

"இலவசம்தானே, வந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள் (எங்கள் ஆட்களிலும்தான்). மருந்து இலவசம், சரி. பஸ் காசு, துணைக்கு வருபவரின் சாப்பாடு, பிள்ளையைப் பார்க்க ஆள்? கதிர்வீச்சு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே கிடைக்கிறது, கொழும்புப் பக்கம் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகத் தேவையில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்களுக்கும் பாடு குறைந்தது. ஆனால் மாரியில் கிரான் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினால் படகுதான். கதிர்வீச்சு இடையில் விடுபட்டால் பலன் குறையலாம். எனவே மார்கழியில் தொடங்குகிற ஒருவருக்குத் திகதி போடுமுன், எந்த வழியால் வருவீர்கள் என்று கேட்பது எங்கள் வேலை.

நாங்கள் கேட்காவிட்டால் நீங்களே முதல் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். வாட்டில் தங்கி எடுக்கலாமா, இரண்டு மாத மாத்திரையை ஒன்றாகத் தருவீர்களா, இரத்தப் பரிசோதனையைக் களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில் செய்யலாமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 35, 45 வயதுப் பெண்களை உங்கள் மிட்வைஃப் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூப்பிடுவார். மார்பகத்தையும் அங்கே பார்ப்பார்கள். கட்டி தட்டுப்பட்டால் வயதையும் பார்க்க வேண்டாம், நோவு வரட்டும் என்றும் இருக்க வேண்டாம். ஆரம்பக் கட்டிகள் பெரும்பாலும் நோவதேயில்லை.