சாயம் அடிக்கும் முன் ஒரு மழைக்குக் காத்திருங்கள்

போன சனிக்கிழமை சாயங்காலம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டுப் போர்ச்சில் நின்றபடி கூனிக் குறுகிப் போனேன். என் வீடல்ல, வீட்டு முகவரான நான் விற்றுத் தருவதாக ஒப்புக்கொண்ட வீடு. ஒருமாடி வரிசை வீடுகளில் கடைக்கோடி வீடு. வீட்டுக்கார அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, வீட்டுக்காரரோடு சேர்ந்து சிறுகச் சிறுக அதன் கடனைக் கட்டி முடித்தவர். இப்போது ஈப்போவில் மகளோடு போய் இருக்கப் போகிறார். பார்க்க ஆள் வருகிறது என்றதும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 8,000 ரிங்கிட் கொடுத்து வெளிச்சுவர் முழுக்கச் சாயம் அடித்துவிட்டார். முகப்பு மஞ்சள், ஓரமெல்லாம் காப்பி நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வந்தது ஓர் இளம் தம்பதி, கூடவே பையனின் அப்பா. அந்தப் பெரியவர் ஓய்வு பெற்ற கொத்தனார். கூடத்தையோ அறைகளையோ அவர் எட்டிப் பார்க்கவில்லை. நேராகப் பக்கத்துச் சுவருக்குப் போனார், விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக், டக். அடுப்படி ஆரம்பிக்கும் இடத்தில் சத்தம் மாறியது. டொப். அங்கே சாயம் ஒரு கொப்புளமாக எழும்பி நின்றது. கட்டைவிரலால் அழுத்தினார். கொப்புளம் உடைந்து தண்ணீர் சுவரோடு வழிந்து இறங்கியது.

"எப்பம்மா சாயம் அடிச்சீங்க?"

"புதன்கிழமைதான் முடிஞ்சதுங்க ஐயா."

அவர் கோபப்படவில்லை. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்து, "போலாம்பா" என்றார். அவ்வளவுதான்.

இந்த வருடத்தில் இப்படி ஆனது எனக்கு இது நான்காவது வீடு. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் காட்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சாயம் அடிச்சா விலை ஏறும்." இதை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. கோயிலில் பார்த்தாலும் சொல்கிறார்கள், கல்யாண வீட்டில் பார்த்தாலும் சொல்கிறார்கள். பத்தாயிரம் போட்டால் முப்பதாயிரம் கூட்டிக் கேட்கலாமாம். ஏறாது. நிதானமாகச் சொல்கிறேன், ஏறாது.

நம் ஊரில் வீடு வாங்குகிறவர் கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு வருவதில்லை. வங்கிக் கடனை நம்பித்தான் வருகிறார். எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய வங்கிக்கு மதிப்பீட்டாளரின் கணக்கு வேண்டும். அவர் நிலத்தின் அளவைப் பார்ப்பார், கட்டடத்தின் அளவைப் பார்ப்பார், நிரந்தரப் பட்டாவா 99 ஆண்டுக் குத்தகையா என்று பார்ப்பார், அதே தாமானில் (குடியிருப்பில்) அண்மையில் கைமாறிய வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று பார்ப்பார். வீடு இடிந்து கிடக்கிறதா, நல்ல நிலையில் இருக்கிறதா என்பதும் அவர் கணக்கில் உண்டு. மஞ்சளா பச்சையா என்பது கிடையாது. பக்கத்து வீடுகள் 250,000 ரிங்கிட்டுக்குப் போயிருந்தால் உங்கள் வீடும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும்.

சரி, சாயத்தைப் பார்த்து மயங்கி ஒருவர் 270,000 ரிங்கிட்டுக்கு ஒப்புக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். வங்கி மதிப்பு 250,000. 90 விழுக்காடு கடன் என்றால் வங்கி கொடுப்பது 225,000. மீதி 45,000 ரிங்கிட்டை அவர் கையிலிருந்து எடுக்க வேண்டும். அவர் தயார் செய்து வைத்திருந்தது விலையில் பத்து விழுக்காடு, 27,000. மிச்சம் 18,000 ரிங்கிட்டுக்கு எங்கே போவார்? சேமநிதிப் பணத்தையும் மனைவியின் நகையையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, போனை எடுக்காமல் இருந்துவிடுவார். நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

அப்படியென்றால் வீட்டின் வெளிப்புறத்தைத் தொடவே வேண்டாமா? தொடுங்கள். வீட்டு முகப்பு வாங்க வந்தவரை வண்டியைவிட்டு இறங்க வைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. விலையை அது ஏற்றாது, பேரம் பேசும்போது குறையாமல் வேண்டுமானால் காக்கும். அதுவும் சுவர் காய்ந்திருந்தால்தான்.

இந்த ஈரக் கதைக்கு வருகிறேன். நான் பிறந்தது தோட்டத்து லயத்து வீட்டில். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் அப்பா சுண்ணாம்பு கரைத்து அடிப்பார். சுவர் ஈரமாக இருந்தாலும் சுண்ணாம்பு அதைச் சாவகாசமாக வெளியே விட்டுவிடும். இப்போது டின்னில் வரும் வெளிச்சுவர்ச் சாயம் அப்படி இல்லை, பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி. உள்ளே ஈரத்தை வைத்து மேலே மூடினால் அது எங்கே போகும்? தீபாவளிக்கு வெள்ளையடித்த பழக்கத்தில் வீட்டை விற்கவும் வெள்ளையடிக்கிறோம், கோளாறே அங்கேதான்.

ஆகவே முதல் வேலை தூரிகை அல்ல, குடை. நல்ல மழை ஒன்று வரட்டும். பேராக்கில் அக்டோபர், நவம்பரில் கேட்கவே வேண்டாம், ஏப்ரல், மே மாதங்களிலும் சாயங்கால மழை தவறாது. குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடங்கள். கூரைத் தண்ணீர் குழாய் வழியாக இறங்குகிறதா, சுவர் வழியாகவா? லோங்காங்கில் (வடிகாலில்) ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா? சுவரை ஒட்டி மண்ணைக் குவித்துச் செடி வைத்திருக்கிறீர்களே, அங்கே உட்புறச் சுவரின் அடிப்பகுதி எப்படி இருக்கிறது? போனில் படம் எடுத்து வையுங்கள். கூரை வேலைக்காரரிடம் காட்ட அதைவிடச் சாட்சி வேண்டாம். ஒழுகலை அடைத்து, உப்புப் பூத்த இடத்தைச் சுரண்டி, சுவர் நன்றாகக் காயும்வரை பொறுத்து, அதற்குப் பிறகு அடிப்பூச்சு, அதன்மேல் சாயம். புதிதாகச் சிமெண்டு பூசிய இடமென்றால் நான்கு வாரமாவது விட வேண்டும். "அடுத்த வாரம் ஆள் வருதே" என்று பறக்காதீர்கள். ஆளை அடுத்த மாதம் வரச் சொல்வது என் பொறுப்பு.

விரிசல் விஷயம் இன்னும் மோசம். நம் தாமான் வீடுகள் பலவற்றில் பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படிதான். வீட்டின் அஸ்திவாரம் ஒன்று, அடுப்படியின் அஸ்திவாரம் வேறொன்று. இரண்டும் ஒரே அளவில் கீழே அமுங்குவதில்லை, ஆகவே சேருமிடத்தில் பிளக்கிறது. அதில் பூச்சு மாவைத் திணித்து, தேய்த்து, மேலே சாயமும் அடித்துவிட்டால் மூன்று மாதத்தில் அதே இடத்தில் அதே விரிசல் பல்லை இளிக்கும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில வாரம் கழித்துக் கோட்டைத் தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் பழைய காயம். தாண்டினால் சாயக்காரரை விட்டுவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

"நம்ம வேலை வித்துட்டுப் போறது, அதுக்கு மேல அவங்க பாடு" என்று ஓர் அண்ணன் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். இருக்கும் நிலையிலேயே வாங்குகிறேன் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்குமே என்ற தைரியம். அண்ணே, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓர் உண்மையைத் தெரிந்தே மூடி மறைப்பதும் அதில் மோசடிக் கணக்கில்தான் வருகிறது. விரிசல் இருக்கிறதென்று சொல்லிவிட்டு விற்பது வேறு, மாவு போட்டு மூடி விற்பது வேறு. நானும் சேர்ந்து மறைத்தால் என் கழுத்தில் தொங்கும் பதிவு அட்டைக்கே ஆபத்து.

கரையானும் இதே கதைதான். கரையான் சுவரில் கோடுபோல் ஏற்றிய மண்ணைத் துடைப்பத்தால் தட்டிவிட்டுச் சாயம் அடிக்கிறார்கள். எல்பில், டோவன்பி என்று சுற்றிலும் தோட்டங்கள் இருந்த ஊர் இது. கித்தா (ரப்பர்) மரத்தைத் தின்று வளர்ந்த இனமும் இந்த மண்ணில் உண்டு, வீட்டு மரச்சட்டத்தைத் தேடி வருவதும் உண்டு. அந்த மண்ணைத் தட்டினால் கரையான் வேறு வழியில் வரும். மருந்து அடித்து, ரசீதை வாங்கி, வருகிறவரிடம் நீங்களே எடுத்துக் காட்டுங்கள். ரசீதைப் பார்த்து ஓடியவர் யாரையும் நான் கண்டதில்லை.

இன்னொன்று, இதைக் கத்தியே சொல்கிறேன். பழைய வீடுகளில் சாம்பல் நிறத்தில் வளைவு வளைவாக இருக்கும் கூரைத் தகடு அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பாசி பிடித்திருக்கிறதென்று தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை அதன்மேல் காட்டாதீர்கள்! தேய்க்காதீர்கள், உடைக்காதீர்கள், பேரப்பிள்ளைகளைக் கீழே நிற்க வைத்து வேடிக்கை பார்க்காதீர்கள். அந்த நார்த் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. பாசியோடே வீட்டை விற்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

விற்பதற்கு முன் போர்ச்சில் புதுக் கூரை இழுப்பதும் வேண்டாம். ஊராட்சி மன்றத்தின் அனுமதி இல்லாமல் கட்டியதைச் சேர்த்துக் கணக்குப் போட மதிப்பீட்டாளர் யோசிப்பார், வாங்குகிறவரின் வழக்கறிஞரும் கேள்வி கேட்பார். முன்பே கட்டியது இருந்தால் அனுமதித் தாளைத் தேடி எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இப்போதே என்னிடம் சொல்லுங்கள், கையெழுத்துப் போடும் அன்றைக்கு வேண்டாம்.

உண்மையில் பலன் தருவதெல்லாம் சில்லறை வேலை. கேட் கீலுக்குக் கொஞ்சம் கிரீஸ், லோங்காங்கில் மண் வாருதல், புல் வெட்டு, வீட்டு எண் பலகை, துருப்பிடித்த தபால் பெட்டி. வீட்டைப் படம் எடுக்க நான் வரும் அன்று மட்டுமாவது கொடியில் கைலி தொங்க வேண்டாம், தயவு செய்து.

வாசலில் சாமி மேடை வைத்திருப்பவர்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், எடுத்துவிடலாமா என்று. வருகிறவர் சீனராக இருக்கலாம், மலாய்க்காரராக இருக்கலாம், அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் அவசரப்பட்டு இடித்து மூலையில் போடாதீர்கள். விலை பேசி முடியட்டும். நாள் பார்த்து, பூசாரியைக் கூப்பிட்டு, முறையாக எடுத்துக்கொண்டு போங்கள். மேடையைப் பார்த்து ஒரு வீடு விற்காமல் போனதாக என் அனுபவத்தில் இல்லை.

அந்த அம்மாவின் வீட்டுக்கு வருகிறேன். திங்கட்கிழமை மழை கொட்டியது. குடையோடு நின்று வீடியோ எடுத்து அனுப்பினார். கூரைத் தண்ணீர்க் குழாயின் இணைப்பில் மாவிலை அடைத்துக்கொண்டு தண்ணீர் முழுக்கச் சுவரில்தான் இறங்கியிருக்கிறது. 350 ரிங்கிட்டில் சரியாகிவிட்டது. கொப்புளங்களைச் சுரண்டி, சுவரைக் காய விட்டிருக்கிறோம். பெரியவருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "காயட்டும்மா, ஒரு மாசம் கழிச்சுச் சொல்லு, வந்து தட்டிப் பாக்கறேன்" என்றார்.

வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தபோதுதான் ஓரத்தில் கவனித்தேன். முகப்பை அழகுபடுத்த அம்மா ஆறு புதுப் பூச்சட்டி வாங்கி அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தட்டு, தட்டு நிறையத் தண்ணீர். கொசுப்புழுவைப் பார்த்தால் சுகாதார அதிகாரி 500 ரிங்கிட் வரை அபராதம் போடுவார். மறுபடி போனை எடுத்தேன்.