பயோடீசல் டேங்கில் அடிட்டிவ்: முதலில் தண்ணீர், பிறகுதான் மருந்து

லாரியில் ஊற்றும் பயோடீசல் கலந்த டீசல் இரண்டு மூன்று நாளில் எரிந்து தீர்ந்துவிடும்; கெடுவதற்கு அதற்கு நேரமே கிடைப்பதில்லை. மருத்துவமனை, கல்லூரி, அடுக்குமாடிக் குடியிருப்பு ஜெனரேட்டர்களின் நிலை வேறு. வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் சோதனை ஓட்டம், மற்ற நேரமெல்லாம் சும்மா. 2,000 லிட்டர் டேங்கில் ஊற்றியது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மின்சாரம் போய், முழு லோடு ஏறியதும் ஃபில்டர் அடைத்து இன்ஜின் நிற்பது இத்தகைய இடங்களில்தான். உடனே ஒரு அடிட்டிவ் (எரிபொருளில் சேர்க்கும் ரசாயனம்) புட்டி வாங்கி ஊற்றுகிறார்கள். தவறான புட்டி என்றால் காசோடு போகாது, இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் சேர்ந்து போகும்.

பயோடீசல் என்பது தாவர எண்ணெயையோ, பொரித்து மீந்த எண்ணெயையோ மெத்தனாலுடன் வினைபுரிய வைத்து எடுக்கும் மெத்தில் எஸ்டர். எஸ்டரில் இருக்கும் ஆக்சிஜன் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரண டீசல் கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவில்தான் தண்ணீரைக் கரைத்து வைக்கும். பயோடீசல் 1,000 மில்லிகிராமுக்கு மேலும் வைக்கும். பகலில் காய்ந்த டேங்க் இரவில் குளிரும்போது அந்தத் தண்ணீர் துளித்துளியாகப் பிரிந்து அடியில் இறங்கும். ஈரம் ஏறிய பயோடீசலை டீசலோடு கலந்தாலும் இதே கதைதான்: கலவையால் அவ்வளவு தண்ணீரைத் தாங்க முடியாது.

டேங்கின் டிரெயின் வால்விலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நல்ல எரிபொருள் மேலிருந்து கீழ்வரை தெளிவாக இருக்கும். கெட்டதில் அடியில் தண்ணீர், மேலே எரிபொருள், இரண்டுக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு ஆடை. புட்டியைச் சாய்த்தால் அந்த ஆடை கிழியாமல் வழுக்கிக்கொண்டு போகும். அது பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம். அமார்ஃபோதீகா ரெசினே என்ற பூஞ்சைக்கு டீசல் உணவு, தண்ணீர் வீடு; பயோடீசலின் எஸ்டர் அதற்கு இன்னும் எளிதில் செரிக்கும். இவை விடும் அமிலம் டேங்கின் அடித்தகட்டை அரிக்கிறது. பிய்ந்து வரும் கொழகொழப்பு ஃபில்டரை அடைக்கிறது.

இன்னொரு கேடு தண்ணீர் இல்லாமலே நடக்கும். சமையல் எண்ணெய் காறிப்போகும் அதே வேதியியல்தான்: எஸ்டரின் இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜன் தாக்கி, முதலில் பெராக்சைடு, பிறகு அமிலம், கடைசியில் பிசின். செம்பு, பித்தளை, துத்தநாகப் பூச்சு ஆகியவை இதைத் துரிதப்படுத்தும். அதனால்தான் துத்தநாகம் பூசிய ஜிஐ டேங்க், பித்தளை வால்வு பயோடீசலுக்கு ஆகாது.

இதைத் தடுப்பது டிபிஹெச்கியூ, பைரோகலால் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். இவற்றைச் சரக்கு புதிதாக இருக்கும்போதே சேர்க்க வேண்டும். உருவான பிசினை எந்தப் புட்டியும் திருப்பி எண்ணெயாக்காது. 1,000 லிட்டர் தூய பயோடீசல் ஏறத்தாழ 880 கிலோ. 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வேண்டுமென்றால் தடுப்பான் 440 கிராம். தூளை அப்படியே டேங்கில் கொட்டினால் கரையாமல் அடியில் கிடக்கும். பத்து லிட்டர் வெதுவெதுப்பான பயோடீசலில் முழுதாகக் கரைத்துவிட்டு, டேங்க் பாதி நிரம்பியதும் ஊற்றி, மீதியை நிரப்பினால் தானே கலந்துவிடும். வாங்கும்போது சோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 14214 கேட்பது 110 டிகிரி செல்சியஸில் ஆக்சிஜனேற்றத்தைக் குறைந்தது 8 மணி நேரம் தாங்கும் திறன்.

பூஞ்சைக்கான மருந்து பயோசைடு. கிருமி வாழும் தண்ணீர்ப் பகுதியில்தான் அது வேலை செய்ய வேண்டும். அடியில் நிறையத் தண்ணீரை விட்டுவிட்டு ஊற்றினால் மருந்து நீர்த்து, கிருமி பிழைத்துவிடும். ஆகவே முதலில் டிரெயின் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்து, டிப் ஸ்டிக்கில் (டேங்கில் விட்டு அளக்கும் கம்பி) தண்ணீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் பேஸ்ட் தடவிச் சரிபார்த்த பிறகே மருந்து. 1,000 லிட்டருக்கு 100 மில்லி ஊற்றினால் 100 பிபிஎம். கெட்டுப்போன டேங்குக்கான அளவு, பராமரிப்பு அளவைப்போல இரண்டு முதல் நான்கு மடங்கு வரை இருக்கும். லேபிளில் உள்ளதே சரியான கணக்கு. ஊற்றிய பின் ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். பிறகுதான் ஃபில்டர் மோசமாக அடைக்கும், ஏனென்றால் செத்த படலம் மொத்தமாகப் பிய்ந்து வரும். இரண்டு செட் ஃபில்டர் கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. பயோசைடு பலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தரும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம்.

“தண்ணீரை மறையச் செய்யும்” என்று விற்கும் அடிட்டிவ்களை மட்டும் தொடவே வேண்டாம். அவை தண்ணீரை எரிபொருளில் நுண்துளியாகக் கலக்கிவிடுகின்றன. நீர் பிரிக்கும் ஃபில்டரின் வேலை துளிகளைச் சேர்த்துப் பெரிதாக்குவது. இந்தப் பொருள் அதை நடக்கவிடாது. 2023 ஜூலையில் அமலுக்கு வந்த சிபிசிபி 4 பிளஸ் விதிக்குப் பின் (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகை வரம்பு) வந்த ஜெனரேட்டர்களில் காமன் ரெயில் அமைப்பு, அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் எல்லா இன்ஜெக்டருக்கும் எரிபொருள் தரும் முறை, பரவலாகிவிட்டது. அழுத்தம் 1,600 பாரையும் தொடும். அங்கே போகும் தண்ணீர் இன்ஜெக்டர் முனையில் ஆவியாகி வெடித்து முனையைச் சிதைக்கும், பம்பின் மசகையும் கெடுக்கும். தேவை இதற்கு நேரெதிரான வகை, அதாவது தண்ணீரைப் பிரித்து அடியில் இறக்கும் டீமல்சிஃபையர்.

வடித்த தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். அதில் பயோசைடு இருக்கும், மீனுக்கு நஞ்சு. மூடிய கேனில் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள்.